கணக்கில் வராத பதினான்கு ஆம்பியர்

சென்ற ஆண்டுத் திருவிழாத் திருப்பலியில், மறையுரைக்குப் பின் வரும் காணிக்கைப் பாடலின் இரண்டாவது அடியில், எங்கள் மாதா கோயில் ஆர்கன் நின்றுபோனது. விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் சுற்றின, மைக் வேலை செய்தது. ஆர்கன் மட்டும் ஊமையாகிவிட்டது. பாடகர் குழு ஒரு கணம் திகைத்து, பிறகு வெறும் குரலில் மூன்று வெவ்வேறு சுருதிகளில் பாடி முடித்தது. நற்கருணை வாங்க மக்கள் வரிசையில் நின்றபோது ஆர்கனின் பச்சை விளக்கு தானாகவே மீண்டும் எரிந்தது.

ஆர்கன் வாசித்தவள் என் அக்கா. எங்கள் தீவின் ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். இளவயதிலிருந்தே அந்தக் கோயிலில் வாசிப்பவள். ஆர்கனின் மிதிகட்டைக்குப் பக்கத்தில்தான் சுவரில் பிளக் இருக்கிறது. அக்காவின் கால் பட்டு அது நழுவியது என்று ஊர் முடிவு செய்தது. "என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்று அவள் ஓர் ஆண்டு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த ஆண்டு விழாக் குழுக் கூட்டம் கோயில் வாசலுக்குப் பக்கத்திலுள்ள மண்டபத்தில் நடந்தது. குழுத் தலைவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் அண்ணன். வேலைகளைப் பங்கிட்டு முடித்த பிறகு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருஷம் பாட்டை யூ.எஸ்.பி-ல போட்டு ஸ்பீக்கர்ல விட்டுறலாமான்னு பசங்க கேக்கறாங்க."

"யூ.எஸ்.பி-க்குக் கரண்டு வேணாமா?" என்றாள் அக்கா.

"அதுக்குக் காலு இல்லலா, அக்கா."

மண்டபம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள், ஆனால் கைப்பையின் வாரை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் என் மனைவி எழுந்தாள் என்று நினைக்கிறேன்.

"அண்ணே, நின்னதுக்குக் காரணம் காலா வோல்டேஜான்னு நான் கணக்குப் போட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் முடிவு பண்ணாதீங்க."

தலைவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. திருவிழாவில் ஆர்கன் இன்னொரு முறை நின்றால், அடுத்த ஆண்டு முதல் யூ.எஸ்.பி. அக்கா தலையசைத்தாள்.

என் மனைவி அக்கரையில் பிறை என்னும் ஊரில் ஒரு மின் ஆலோசனை நிறுவனத்தில் பொறியாளர். தினமும் தீவிலிருந்து கடற்பாலத்தைக் கடந்து போகிறாள். அவள் வேலையை நான் ஒரு வரியில் இப்படிச் சொல்வேன்: மின் நிலையத்திலிருந்து புறப்படும் ஒரு வழித்தடத்தின் கடைசியில் இருக்கும் தொழிற்சாலைக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேரும் என்று, அந்தத் தொழிற்சாலை கட்டப்படுவதற்கு முன்பே கண்டுபிடிப்பது. புறப்படும் இடத்தில் இருக்கும் மின்னழுத்தம் போய்ச் சேரும் இடத்தில் இருப்பதில்லை. கம்பி வழியில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பது கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மட்டும் பொறுத்ததல்ல. அதன் வழியே எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்பதையும் பொறுத்தது. யாரும் எதையும் பயன்படுத்தாவிட்டால் கம்பி எதையும் எடுத்துக்கொள்ளாது. நான் பல ஆண்டுகள் தமிழ் நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியராக இருந்தவன். நிருபர் அனுப்பும் செய்தி அச்சில் எவ்வளவு மிஞ்சும் என்பது அன்றைக்கு விளம்பரம் எவ்வளவு வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே இது எனக்கு எளிதில் புரிந்தது.

தொழிற்சாலைகளில் மோட்டார்கள் இருப்பதால் அவள் கணக்கில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான கோணங்கள் எல்லாம் வரும். கோயில் கணக்கு அவ்வளவு சிக்கலானதல்ல. மீட்டர் பெட்டி, பீடத்துக்குப் பக்கத்தில் குருவானவர் உடை மாற்றும் அறையில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே ஒரு பழைய கேபிள் கோயிலின் முழு நீளத்தையும் கடந்து வாசல்பக்கம் வருகிறது. அறுபது மீட்டர். அங்கே மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறு மின்பலகை. மேலே ஆர்கன் இருக்கும் பாடகர் மாடத்துக்கும், பக்கவாட்டில் மண்டபத்துக்கும் அதிலிருந்துதான் மின்சாரம் பிரிகிறது. அவள் கேபிளின் தடிமனை அளந்தாள். அதில் ஓடும் ஒவ்வோர் ஆம்பியருக்கும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வோல்ட் வழியில் போய்விடும் என்றாள்.

ஆர்கன் பழையது. இருநூற்று நாற்பது வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டது. இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் அது தன்னை அணைத்துக்கொள்ளும் என்பதை அவள் ஒரு சனிக்கிழமை மதியம், அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு கருவியை வைத்துச் சோதித்துப் பார்த்தாள். அக்கா அருகில் நின்று, ஆர்கன் அணைந்தபோது தன் இரு கால்களையும் தூக்கிக் காட்டினாள்.

தலைவர் அந்தக் கேபிளில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் கொடுத்தார்: விளக்குகள், மின்விசிறிகள், மைக், ஆர்கன். எல்லாம் சேர்த்துப் பத்து ஆம்பியர். மீட்டர் பெட்டியில் இருநூற்று முப்பத்திரண்டு வோல்ட் இருந்தது. கழித்தால் ஆர்கனுக்கு வந்து சேர வேண்டியது இருநூற்று இருபத்தைந்து.

"அப்ப வோல்டேஜ் பிரச்சன இல்ல" என்றார் தலைவர். "கணக்கு கால்னுதானே சொல்லுது?"

மனைவிக்கு அந்த விடை பிடிக்கவில்லை. திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் வழிபாடான நவநாள் தொடங்கியதும் ஆர்கன் பிளக்குக்குப் பக்கத்தில் எண் காட்டும் சிறிய வோல்ட்மீட்டர் ஒன்றைச் செருகி வைத்தாள். அதைப் பார்த்துச் சொல்ல என்னை மாடத்தின் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள். பத்திரிகைக்காரனுக்குப் பொருத்தமான வேலை. கோயிலின் பின்வரிசையிலிருந்து நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் புதிதல்ல.

முதல் இரண்டு மாலைகளும் எண் இருநூற்று இருபத்தைந்தை ஒட்டியே நின்றது. மூன்றாம் மாலை நற்செய்தி வாசகம் வரை அப்படித்தான். குருவானவர் மறையுரை தொடங்கி, "அன்பான சகோதர சகோதரிகளே" என்று சொல்லி முடிப்பதற்குள் எண் இருநூற்று இருபத்து மூன்றுக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இருபத்தொன்று. பிறகு பத்தொன்பது. கீழே பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் குனிந்தபடி பக்கவாசல் வழியாக உள்ளே வந்து அமர்ந்தார்கள். மறையுரையின்போது வெளியே போய் வருவது எங்கள் கோயிலில் பாவமாகக் கருதப்படுவதில்லை. எண் இருநூற்றுப் பதினாறில் வந்து நின்றது. அக்கா ஆர்கன் முன் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தாள். நான் நான்கு விரல்களைக் காட்டினேன். இன்னும் நான்கு வோல்ட் இறங்கினால் போதும். அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

திருப்பலி முடிந்து நான் சொன்னதும், மனைவி கைப்பேசியில் கணக்குப் போட்டாள். இந்த முறை தலைகீழாக. வழக்கமாகச் சுமையை வைத்துத்தான் மின்னழுத்தத்தைக் கண்டுபிடிப்பாள். இப்போது மின்னழுத்தத்தை வைத்துச் சுமையைத் தேடினாள்.

"அண்ணே, உங்க பட்டியல்ல இல்லாத பதினாலு ஆம்பியர் ஓடுது."

"பட்டியல்ல எல்லாத்தையும் எழுதிட்டேன். வேணும்னா ஃபாதரோட ஷேவரையும் சேத்துக்க."

"ஷேவர் இல்ல. சூடு பண்ற சாமான் எதோ. அஞ்சு இருக்கும்."

நான் மண்டபத்துக்குப் போனேன். மேடைத் திரைக்குப் பின்னால் ஒரு நீள மேசை. அதன் மேல், துண்டு போர்த்திய ஐந்து ரைஸ் குக்கர்கள், எக்ஸ்டென்ஷன் வயர்களில் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. சோறும் பொங்கலும் மணந்தன.

எங்கள் கோயிலில் நேர்ச்சைச் சாப்பாடு என்று ஒரு வழக்கம். வீட்டில் ஏதாவது நல்லது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் விழா நாள்களில் சமைத்துக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுப்பார்கள். அதற்கு ஒரு விதி உண்டு: யார் கொண்டுவந்தது, எதற்காக என்று சொல்லக்கூடாது. சாப்பாடு மேசையில் இருக்கும். கொண்டுவந்தவர் கூட்டத்தோடு வரிசையில் நின்று அதையே வாங்கிச் சாப்பிடுவார். வீட்டில் சமைத்தது ஆறிவிடுவதால், மறையுரை நேரத்தில் நழுவி வந்து சூடாக்கப் போட்டுவிட்டுப் போவார்கள். அப்போதுதான் திருப்பலி முடியும்போது ஆவி பறக்கும். சூடானதும் குக்கர் தானே அணைந்துவிடும். ஆர்கன் ஏன் நற்கருணை நேரத்தில் தானாக உயிர் பெற்றது என்பதும் எனக்கு அப்போது விளங்கியது.

தலைவர் பட்டியல் எழுதியதில் பொய் இல்லை. சொல்லக்கூடாத ஒன்றை அவர் எப்படி எழுதுவார்?

ஐந்தாவது குக்கரின் மேல் நீலக் கட்டம் போட்ட துண்டு கிடந்தது. அதன் ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணக் கறை. அந்தக் கறை என் கைவேலை. எங்கள் திருமணத்துக்கு வந்த இரண்டு ரைஸ் குக்கர்களில் ஒன்று அலமாரி மேல் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அன்றாடம் அந்த அலமாரியைத் திறந்து மூடுகிற நான், மேலே வெற்றிடமாக இருப்பதைக் கவனிக்கவில்லை.

வீடு திரும்பும்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நெரிசல். நாசி கண்டார் சோறு வாங்க வந்தவர்களின் மோட்டார் சைக்கிள்கள் பாதிச் சாலையை அடைத்திருந்தன. அவள்தான் கார் ஓட்டினாள்.

"நம்ம வீட்டு நீலக் கட்டத் துண்டு எங்க?" என்றேன்.

அவள் முன்னால் இருந்த லாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேர்ச்சைங்க. சொல்லக்கூடாது."

"கணக்குலகூடவா?"

"ஒரு குக்கருக்கு ரெண்டு வோல்ட்டுகூட இறங்காது. அதுக்கெல்லாம் ஆர்கன் நிக்காது. கணக்குல விட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"மத்த நாலு பேரும் அதையேதான் நெனச்சிருப்பாங்க."

"அவங்க இஞ்சினியர் இல்லையே" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை எடுக்காமல் சிரித்தாள். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். "அலுவலகத்துல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஒரு சுமையை மறைச்சிட்டாங்கன்னு போன வாரம்தான் ஒரு ஃபேக்டரிக்காரனைத் திட்டினேன்."

அவளுடைய நேர்ச்சை எதற்கு என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது.

கேள்வி இப்போது மாறிவிட்டது. நவநாள் மாலையில் ஐந்து. திருவிழா ஞாயிறன்று எத்தனை வரும் என்று கண்டுபிடிக்க வழியில்லை, கேட்கவும் கூடாது. எட்டாவது குக்கர் போட்டதும் ஆர்கன் நின்றுவிடும். கேபிளைத் தடிமனாக மாற்றலாம் என்றால், கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும், அது வருவதற்குள் அடுத்த திருவிழாவே வந்துவிடும். குக்கர் போடாதீர்கள் என்று பீடத்திலிருந்து அறிவிக்கலாமா என்று தலைவர் குருவானவரைக் கேட்டார்.

"நேர்ச்சையை நிறுத்தச் சொல்லி நான் எப்படிண்ணே சொல்றது? நானே அந்தப் பொங்கலுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் அவர்.

அக்கா இரண்டு நாள்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவள், சாப்பாட்டு மேசையில் விரல்களால் காணிக்கைப் பாடலை வாசித்தபடி, "யூ.எஸ்.பி-ன்னா நல்லதுதான். எனக்கும் மூட்டு வலி" என்றாள். மூட்டு வலி என்று அதற்கு முன் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. மனைவி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஆர்கன் எவ்வளவு கரண்டு எடுக்குது தெரியுமா?"

"நான் என்னத்த கண்டேன்."

"அரை ஆம்பியர்கூட இல்ல. வோல்டேஜை இறக்குறது ஆர்கன் இல்ல, குக்கருங்க. குக்கர் ஓடுற கேபிள்லயே ஆர்கனும் உக்காந்திருக்கு, அதான் அடி வாங்குது. குக்கரை நகத்த முடியாது. ஆர்கனை நகத்தலாம்."

"மாடத்துல இருந்து ஆர்கனைக் கீழ எறக்க எட்டு ஆள் வேணும்மா."

"ஆர்கன் அங்கயே இருக்கட்டும். பிளக்கை மட்டும் நகத்துவோம்."

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே, உடை மாற்றும் அறையில், யாரும் பயன்படுத்தாத ஒரு பிளக் இருக்கிறது. அங்கிருந்து ஆர்கனுக்கென்று தனியாக ஒரு நீள எக்ஸ்டென்ஷன் வயர். ஆணி வேண்டாம்; சன்னல் கம்பிகளில் கட்டிக்கொண்டே போகலாம். உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவர் வந்து, வயரைச் சோதித்து, சன்னலுக்குச் சன்னல் கட்டினார். தலைவர் அதன் பின்னாலேயே நடந்து வந்தார்.

"என்னம்மா இது. அவ்வளவு தடி கேபிள்லயே கரண்டு வந்து சேரல. இந்த நூல் மாதிரி வயர்ல, இவ்வளவு தூரம் நடந்து வர்றதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாதுலா."

"தூரம் மட்டும் இருந்தா பரவாயில்லண்ணே. தூரத்தோட சுமையும் சேர்ந்தாத்தான் எறங்கும். ஆர்கன் வெறுங்கையோட நடந்து வருது."

தலைவர் நம்பவில்லை. மாடத்துக்கு ஏறி வோல்ட்மீட்டரைத் தானே செருகிப் பார்த்தார். இருநூற்று முப்பத்தொன்று காட்டியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சரி, இப்ப நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழம பாப்போம்."

ஞாயிறு காலை, கோயில் நிரம்பி முற்றத்திலும் ஆள்கள் நின்றார்கள். பாலத்துக்கு அப்பாலுள்ள சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு பஸ்ஸே வந்திருந்தது. அக்கா நீலப் பட்டுச் சேலை கட்டி, காலணியைக் கழற்றி எல்லாரும் பார்க்கும்படி தூரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் மாடத்தில் என் பெஞ்சில். மனைவி கீழே மண்டபத்தில், இன்னொரு வோல்ட்மீட்டரோடு.

மறையுரை தொடங்கியது. பக்கவாசலில் நடமாட்டம். இந்த முறை இரண்டு பேர் அல்ல. ஒரு சிறு ஊர்வலமே போய் வந்தது. மாடத்து மின்விசிறிகளின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. என் கைப்பேசியில் மனைவியின் செய்தி வந்தது: மண்டபத்தில் இருநூற்று ஏழு. கொஞ்சம் கழித்து இன்னொன்று: பதினொரு குக்கர். "கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான், பயமில்லை" என்றும் அதில் எழுதியிருந்தாள்.

இருநூற்று ஏழில் பழைய பிளக்கில் ஆர்கன் எப்போதோ நின்றிருக்கும்.

காணிக்கைப் பாடல். முதல் அடி. அக்கா என்னைப் பார்க்கவில்லை, பச்சை விளக்கையும் பார்க்கவில்லை. இரண்டாவது அடி வந்தபோது பாடகர் குழுவில் பாதிப் பேர் பாடுவதை விட்டு ஆர்கனைப் பார்த்தார்கள். அதன் பக்கத்தில் எண் இருநூற்று முப்பத்தொன்றில் அசையாமல் நின்றது. மூன்றாவது அடியில் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். வழக்கத்தைவிட உரக்கவே பாடினார்கள் என்று சொல்லலாம்.

நற்கருணை முடிந்தது, இறுதி ஆசீர் முடிந்தது, கடைசிப் பாடலும் முடிந்தது. மக்கள் மண்டபத்தை நோக்கித் திரும்பும் நேரத்தில் தலைவர் மூச்சு வாங்க மாடப்படி ஏறி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நிறுத்தாதீங்க. இன்னும் ரெண்டு பாட்டு வாசிங்க."

"ஏண்ணே?"

"சோறு இன்னும் சூடாகல. வோல்டேஜ் கம்மியா இருந்தா குக்கரும் மெதுவாத்தான் வேலை செய்யுமாம், உங்க தம்பி சம்சாரம் சொல்லுது. சனம் போய் மேசையைச் சுத்தி நின்னா அசிங்கமா இருக்கும்லா."

"போன வருஷம் ஏன் நிறுத்தினேன்னு கேட்டீங்க. இந்த வருஷம் நிறுத்தாதேங்கிறீங்க."

"தப்புதான்கா. வாசிங்க."

"அந்த யூ.எஸ்.பி-யப் போட்டுக்கோங்களேன். அதுக்குக் காலு கூட இல்ல."

தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா அவரைச் சற்று நேரம் அப்படியே நிற்கவிட்டு, பிறகு ஒரு பழைய மாதா பாடலைத் தொடங்கினாள். கிளம்பியவர்கள் நின்றார்கள். சிலர் மறுபடியும் உட்கார்ந்து பாடத் தொடங்கினார்கள். குருவானவர் உடை மாற்றும் அறை வாசலில் பாதி உடை மாற்றியபடி நின்று கேட்டார்.

நான் மண்டபத்துக்கு இறங்கிப் போனேன். துண்டு போர்த்திய குக்கர்களை எண்ணவில்லை. எண்ணிக்கைதான் ஏற்கனவே தெரியுமே. மனைவி அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வோல்ட்மீட்டரைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் 'டக்' என்று ஒரு குக்கர் அணைந்தது. எண் கொஞ்சம் ஏறியது. மேலேயிருந்து இரண்டாவது பாடல் கேட்டது, பிறகு மூன்றாவது. இன்னொரு 'டக்'. இன்னும் கொஞ்சம் ஏறியது. யாருடைய வேண்டுதல் முதலில் சூடானது என்று எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக அணைய அணைய, மின்விசிறிகள் தங்கள் வேகத்துக்குத் திரும்பின. கடைசியாக அணைந்தது நீலக் கட்டத் துண்டின் கீழிருந்த குக்கர். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எண் இருநூற்று இருபத்தைந்தில், அவள் முதன்முதலில் போட்ட கணக்கில், வந்து நின்றபோது என் கையைப் பிடித்து இழுத்து அதைக் காட்டினாள்.

"மேல போய் அக்காகிட்ட சாப்பாடு ரெடின்னு சொல்லுங்க" என்றாள்.

போய்ச் சொன்னேன். அக்கா தலையைத் திருப்பாமல், "இன்னும் ஒரு அடி இருக்கு" என்றாள்.